நட்சத்திரக் குறிக்குப் பயந்து

கண்ணு,

இன்றைக்குக் காலையில் போனில் உன் முகத்தைத் தொட்டேன். பேச்சு வரவில்லை. கை ஈரமோ என்று வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். ஏதோ எழுத்து வந்து நின்றது. எழுத்தைக் கண்டால் எனக்கு என்ன தெரியும்? உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். "கம்ப்யூட்டர்ல இடம் நெறஞ்சுபோச்சுங்க மாமா" என்றாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான்.

படிக்கத் தெரியாத அப்பனுக்கென்று நீ போனில் செய்துவைத்த பக்கம் அல்லவா அது. நீ உக்கடத்துக் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருப்பாய், நான் உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன். நீ பேசிப் பதிந்து அனுப்புவாய். உன் முகத்தைத் தொட்டால் அன்றைய பேச்சு வரும். "சாப்டீங்களாப்பா? வெயில்ல நிக்காதீங்க." ஆபீஸ் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்ச் சேர்ந்த பிறகு, நான் உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். பழைய பேச்சையே மாற்றி மாற்றி அது போடும். அதைக் கேட்டுத்தான் என் பொழுது விடிகிறது.

"சித்த பொறுங்க. குப்பையை அழிச்சாச் செரியாயிரும்" என்று அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அழிப்பது என்றதும் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். அதிலே எனக்குத் தெரிந்த குறி ஒன்றே ஒன்று. நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அது.

ஒரு நாள் உன் ஆபீஸுக்கு இளநீர் கொண்டு வந்தேன். நீ வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். கல்யாணப் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் மேசையைத் தட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங்க, உங்க கம்ப்யூட்டர்ல ஒரு ஊட்டுக் கல்யாணப் போட்டோவை அழிக்கச் சொன்னா ஊர்க் கல்யாணத்தையே அழிச்சுப்போட்டீங்களே!" அவர் போன பிறகு, திரையில் அந்த நட்சத்திரக் குறியைக் காட்டி நீ சொன்னாய்.

"மண்டியில ஆளாளுக்கு ஒரு குவியல் கெடக்குமல்லப்பா? பேரைச் சொல்லி, அவரு குவியல்ல இருக்கறதெல்லாம் லாரியில ஏத்துன்னு சொல்லோணும். இந்தக் குறிதான் 'இருக்கறதெல்லாம்'. நான் பிஎச்பிங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதி வெச்சது கம்ப்யூட்டருக்கு அந்த உத்தரவைப் போடும். இன்னிக்குப் பேர் இருக்கற எடம் வெறுசாப் போயிருச்சு."

"அப்புறம்?"

"மண்டியே காலி."

"அட, எங்க மேஸ்திரியா இருந்தா யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரே" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "அது கேக்காதுப்பா. அதுதான் பயமா இருக்குது."

அந்தப் பயம் இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. "அம்மணி, அந்தக் குறி வேண்டாம். அவன் பேச்சும் போயிரும்" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"அழிக்கறதுக்கு முந்தி என்னென்ன சிக்குதுன்னு காட்டச் சொல்லிப் பாத்துக்கறனுங்க மாமா." அவளும் உன் தொழில்காரிதானே. குப்பையைத் தானாக அழிக்கட்டும் என்று நீ எழுதிவைத்த உத்தரவைத் திறந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க நெற்றி சுருங்கியது.

"இது ஒரு நாளும் எதையும் அழிச்சதே இல்லைங்க."

"என்னது?"

"அன்னிக்குப் பயந்தவரு, இங்க பேரோட சேத்து அந்தக் குறியையும் மேற்கோள் குறிக்குள்ள பூட்டிப்போட்டாரு. பூட்டிட்டா அதுக்கு 'இருக்கறதெல்லாம்'ங்கற அர்த்தம் இல்லீங்க. வெறும் பேராயிரும். அந்தப் பேர்ல ஒரு ஃபைல் இருக்குதான்னு தேடிப் பாத்துட்டு, இல்லைன்னு சத்தமில்லாமத் திரும்பிருது."

நான் உன் பேச்சைக் கேட்டபோதெல்லாம் உண்டான நகல்கள் குவிந்துதான் இடத்தை அடைத்திருக்கின்றன என்றாள். அவற்றோடு, நீ பேசிப் பார்த்துப் பிடிக்காமல் குப்பையில் தள்ளியவையும் கிடந்தன. பாதிப் பேச்சுகள்.

ஒன்றைப் போட்டாள். இருமல். "அப்பா... ச்சே, மறுக்கா." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எத்தனை காலம் கழித்து உன்னிடமிருந்து ஒரு புதுச் சொல்! அடுத்ததைப் போட்டாள்.

"அப்பா, நேத்துல இருந்து மார்ல ஒரு மாதிரி புடிக்குது. படியேறினா மூச்சு..."

அதோடு நின்றுவிட்டது. அதைத் தள்ளிவிட்டு நீ பதிந்து அனுப்பியது எனக்கு மனப்பாடமான பேச்சு. "சாப்டீங்களாப்பா? நான் நல்லா இருக்கறேன்."

அவள் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "எங்கிட்டயும் சொல்லலைங்களே மாமா" என்றாள்.

நகல்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பேர் பார்த்து அழித்தாள். அந்தக் குறியைப் போடவே இல்லை. உன் முகத்தைத் தொட்டால் மறுபடி பேச்சு வருகிறது. ஆனால் 'நல்லா இருக்கறேன்' என்று நீ சொல்லும்போதெல்லாம், அதற்கு முன்னால் எதைச் சொல்லி எதைத் தள்ளினாயோ என்று இப்போது மறுபடி மறுபடி தொட்டுக் கேட்கிறேன்.

பாதிப் பேச்சுகள் இன்னும் கிடக்கின்றன. "அழிச்சிரட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "போடட்டுங்களா?" என்றாள். அதற்கும் வேண்டாம் என்றேன். அதில் ஏதாவது ஒன்றில், "அப்பா, சித்த வந்துட்டுப் போங்க" என்று நீ கூப்பிட்டிருந்தால் நான் என்ன செய்வேன், கண்ணு?