உடம்பு சரியில்லை என்று எழுதாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் ஊரார் பொய்யையெல்லாம் தப்பில்லாமல் டைப் அடித்தவள் நான். ஆனால் சொந்தப் பொய் ஒன்றை அடிக்கக் கை வர மாட்டேன் என்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை உன் பழைய ஜூனியர் வந்தான். மனுவில் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா போடுவான் என்று அவனைக் கமா என்றே கூப்பிடுவோமே, அவன்தான். இப்போது அரசாங்க வக்கீல்களுக்கெல்லாம் தலைவன். வாசலில் இரண்டு கார். எதிர்வீட்டு நர்ஸ் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்து ஓடி வந்துவிட்டாள். டீ கொடுத்தேன், தொடவில்லை.

அரை மணி நேரம் உன் புகழ்தான். சைக்கிள் கடை மாடியில், மழை பெய்தால் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மூலை மாறும் அந்த அறையில் ஆரம்பித்தவர் இன்று உலகக் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறாரே என்றான். மில் தொழிலாளிகளுக்காக நீ பதினோரு மாதம் நடத்திய கேஸைச் சொன்னான். முதல் தேர்தலில் தோற்றதையும், அடுத்ததில் ஜெயித்ததையும், சட்ட மந்திரி ஆனதையும் வரிசையாகச் சொன்னான். அந்த மில் கேஸ் மனுக்களை அடித்தவளே நான்தான் என்பது அவனுக்கு மறந்துபோச்சு.

அப்புறம் விஷயத்துக்கு வந்தான். பக்கத்து நாட்டு மீனவர்களை நம் அரசாங்கம் ஆறு வருஷமாக விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்திருக்கிற கேஸ் உங்கள் முன்னால் இருக்கிறதாம், அடுத்த மாதம் தீர்ப்பாம். நீ நாட்டுக்கு ஆதரவாக எழுத வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லையாம். உடம்பு சரியில்லை என்று விலகிக்கொண்டால் போதுமாம். "நீங்க ஒரு கடிதம் எழுதினா கேட்பார் அக்கா" என்றான்.

நீ மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்குப் பையிலிருந்து ஒரு தாளின் நகலை எடுத்து மேஜையில் வைத்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. உன் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருத்திதானே. அரசாங்கத்தைத் திட்டி நோட்டீஸ் அச்சடித்தார் என்று உள்ளே வைத்திருந்த அந்த அச்சகக்காரரின் காவலை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கச் சொல்லி நீ மந்திரியாகப் போட்ட கையெழுத்து. அது போட்டு நாற்பதாம் நாள் அவர் ஜெயிலில் செத்துப்போனார். நீ விலகாவிட்டால் இது பத்திரிகைக்குப் போகும், அப்புறம் நீ இங்கே வந்து இறங்கினால் உன் மேல் கேஸும் வரும் என்றான். இவ்வளவையும் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மரியாதையாகவே சொன்னான்.

தம்பி, அந்தத் தாள் எனக்குப் புதுசில்லை. அவர் செத்த அன்று சாயங்காலம் நீ இங்கே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னாய். அடுத்த மாதம் பதவியை விட்டாய். அதுவரை சரி. ஆனால் காரணம் என்ன எழுதினாய்? உடம்பு சரியில்லை என்றுதானே? அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அது தப்பு என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதே பொய்யைத்தான் இப்போது இரண்டாவது தடவை கேட்கிறார்கள்.

கமா போனதும் புடவை மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அச்சகக்காரர் மனைவியைப் பார்க்கப் போனேன். பத்திரிகையில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் புத்தகம் பைண்டிங் செய்கிறாள். உட்காரச் சொல்லவில்லை. நான் யார் என்று சொன்னேன், தாளைப் பற்றியும் சொன்னேன். ஊசி நிற்கவில்லை, தாள்களைக் கோத்துக்கொண்டே கேட்டாள். நான் சொல்லி முடித்ததும், கையெழுத்துப் போடும் முன் நீ அதைப் படித்துப் பார்த்தாயா என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்றேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப இந்தத் தடவையாவது படிச்சுப் பாத்துட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள். மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன். நான் கிளம்பும்போது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகவே கமா கேட்ட கடிதம் இதுதான். கார்பன் வைத்து அடிக்கிறேன். மேல்தாள் உனக்கு, நகல் அவனுக்கு. தேவையான இடத்தில் அவனே கமா போட்டுக்கொள்ளட்டும்.

நீ விலகக் கூடாது. அந்த மீனவர்களின் கேஸ் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படி. படித்தபின் உனக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதை எழுது. நம் அரசாங்கத்தின் பக்கம்தான் நியாயம் என்று பட்டால் அப்படியே எழுது, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கையெழுத்தைப் பற்றி நீயே வாய் திறந்து சொல்லிவிடு. உன் கோர்ட்டிலும் சொல்லு, பத்திரிகையிலும் சொல்லு. அவர்கள் மிரட்டுவதற்கு மிச்சம் வைக்காதே. வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். அவமானத்தில் யாரும் செத்துப்போவதில்லை. அவர் ஜெயிலில் செத்தார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. பென்ஷனை நிறுத்தினால் டைப் மெஷின் இருக்கிறது. டெலிபோனை வெட்டிவிட்டார்கள், வீடு நிம்மதியாக இருக்கிறது. இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அடுத்த மாதம் இருபதாம் தேதி. பெரிய விஷயமில்லை என்கிறார். நர்ஸ் கூட வருகிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் மறுக்காதே. தீர்ப்பு வந்தபின் இந்தப் பக்கம் வராதே. என்னைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், யார் சொன்னாலும், விமானம் ஏறாதே. அங்கேயே ஒரு நிமிஷம் எழுந்து நில், அது போதும். அப்புறம் உட்கார்ந்து வேலையைப் பார்.

நூறு வயசு இரு.

உன் கையெழுத்து இன்னும் புரிகிற
அக்கா