ரஃப் போடாத விடைத்தாள்

9/6, திங்கள்

காலையிலேயே சாரல். பழனிசெட்டிபட்டி ஸ்டாப்பில் டீ. பால் கால், தண்ணீர் முக்கால். கேட்டால் மாட்டின் மேல் பழி போடுவான்.

கோச்சிங் சென்டரில் குரூப் 4 பேட்சின் மாதிரித் தேர்வு (மா.தே.) திருத்தினேன். கலவை, லாப சதவீதம், மொத்தம் 20 கணக்கு. உத்தமபாளையத்துப் பெண் ரஹ்மத் 19. ரஃப் தாளில் ஒரு கோடுகூடக் கிடையாது. அரை மணியில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்கு எம்.எஸ்சி. படித்த எனக்கே நாற்பது நிமிடம்.

என் மனைவி மீனாவும் அதே பேட்ச்தான். அவள் 17. ரஃப் இரண்டு பக்கம் நிறைய. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அந்தப் பிள்ள பேனாவத் திறக்கவே இல்ல. எப்படின்னு கேளுங்க. எனக்கென்னமோ சரியாப் படல."

எனக்கும்தான் படவில்லை.

11/6, புதன்

வாங்க: மார்க்கர் 2, ஸ்டேப்ளர் பின், கொய்யா.

ஜெராக்ஸ் கடைக்காரர் மேல் சந்தேகம். கேள்வித்தாளும் விடைக் கீயும் ஒரே பென் டிரைவில் கொடுத்துத் தொலைக்கிறேன். அவருக்கும் ஊர் உத்தமபாளையம்!

ரஹ்மத்தைக் (ர.) கூப்பிட்டுத் தேர்வில் வந்த கணக்கையே கேட்டேன். காபி கிலோ 600, சிக்கரி 200, கலந்தது 480. என்ன விகிதம்?

"பாதிக்குப் பாதின்னா நானூறு சார். முக்கால்வாசி காபின்னா ஐநூறு. நானூத்தி எம்பதுன்னா முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. அப்ப ஏழுக்கு மூணு."

யார் சொல்லிக்கொடுத்தது என்றேன்.

"அத்தாவோட காபித்தூள் கடையில நிப்பேன் சார். வர்றவுக என்ன விலைக்கு வேணும்னு சொல்லுவாக, அதுக்குத் தக்கன கலந்து கொடுப்போம்."

நல்ல பேச்சு. மனப்பாடமாகவும் இருக்கலாம்.

சென்டர் ஓனரிடம் சொல்லிவிட்டேன். "உறுதியாச்சுன்னா நிப்பாட்டிருங்க. இலவச சீட்டு, வேற பிள்ளைக்கு ஆகும்," என்றார். வகுப்பில் பேரைச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும் என்று அழுத்தியது நான். ர.வுக்கு வேறு சென்டர் போக வசதி இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

13/6, வெள்ளி

காற்று பேய்க்காற்று. கரண்ட் மூன்று தடவை போனது.

நாளைய மா.தே.வுக்கு வீட்டு லேப்டாப்பில் கீ அடித்தேன். மூன்று விடைகளை வேண்டுமென்றே மாற்றினேன். சும்மா பிசகு இல்லை, கோமாளி விடைகள். கிலோ 40 ரூபாய் திராட்சை இரண்டு பங்கும் 70 ரூபாய் திராட்சை ஒரு பங்கும் கலந்தால் கிலோ 85ஆம்! 50க்கு வாங்கி 62க்கு விற்றால் லாபம் 48 சதவீதமாம்! மூன்றாவதும் இந்த லட்சணம்தான். குத்துமதிப்பு தெரிந்த யாரும் தொடமாட்டார்கள். கீயைப் பார்த்த ஆள் மூன்றையும் தொடும்.

பென் டிரைவ் வழக்கம்போல ஜெராக்ஸ் கடைக்கு. மீனாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவளுக்கு வாய் நிற்காது.

14/6, சனி

தேர்வு முடிந்தது. ர. இருபத்தைந்தே நிமிடம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மாட்டினாய் மகளே.

15/6, ஞாயிறு

ர.வின் தாளை முதலில் எடுத்தேன். திராட்சை 50. லாபம் 24. மூன்றாவதும் சரி. நான் வைத்த எதையும் அந்தப் பிள்ளை தொடவில்லை. சே, என்ன மனுஷன் நான்.

மீதி முப்பத்தொரு தாள். இரண்டு பேர் ஏதோ ஒன்றில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், அது சகஜம். ஒரே ஒரு தாளில் 85, 48, மூன்றாவதும். ரஃப் பக்கம் நிறைய இருக்கிறது. கூட்டிப் பார்த்தேன், எதிலிருந்தும் எதுவும் வரவில்லை. மேலே பேர் பார்க்கத் தேவையே இல்லை. எட்டு வருடமாகத் தெரிந்த கையெழுத்து. கீ இருந்தது வீட்டு லேப்டாப்பில், நான் சந்தேகப்பட்டது ஜெராக்ஸ் கடையை.

சாரோட சம்சாரம் பெயில் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயந்தாளா? என்னிடம் கேட்டிருந்தால் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்திருப்பேனே. அவள் கேட்டபோதெல்லாம் நான் எரிந்து விழுந்ததும் ஞாபகம் வருகிறது.

ஓனருக்குப் போன். ரஹ்மத் மேல் தப்பே இல்லை, சீட்டு அப்படியே இருக்கட்டும், நாளை நானே அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"அப்ப மாட்டுனது யாரு சார்?"

மீனா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் கேட்டாள்:

"கீய மாத்தி வச்சீகளா?"

ஆமாம் என்றேன்.