ஜல்ராணியில் வந்தவரின் படம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. குடை ஆஸ்பத்திரியிலேயே.
பழைய எக்ஸ்ரே படங்களின் அறையைக் காலி செய்ய உத்தரவு. வியாழன் லாரி வரும், படங்கள் எல்லாம் கழிவுக்கு. இனி எல்லாம் கம்ப்யூட்டரில். நல்லதுதான். முன்பு படத்தை உறையில் போட்டுக் கப்பலில் அனுப்பி, சென்னை டாக்டரின் பதிலுக்கு இருபது நாள் காத்திருப்போம். இப்போது நோயாளி சட்டை மாட்டுவதற்குள் படம் சென்னையில். ஆனாலும் இருட்டறைச் சிவப்பு விளக்கில் எலும்பு ஒவ்வொன்றாகத் தெளியும் அந்த நிமிடம்! ஏங்குகிறது மனசு.
வாங்க: வெங்காயம், கொசுவத்தி.

ஜூன் 10, செவ்வாய்
தெற்குக் கோடித் தீவின் கேம்பல் பேயிலிருந்து முத்தையா. பழைய ராணுவக்காரர், எழுபது இருக்கும். வலது நுரையீரலில் சின்ன நிழல்.
சென்னை டாக்டர் போனில்: "பழைய படம் இருந்தா அனுப்புங்க. அப்பவே இருந்த நிழல்னா பயமில்ல. இல்லேன்னா இங்க வந்து சதை எடுத்துப் பார்க்கணும்."
முத்தையாவின் முகம் வெளிறிவிட்டது. "முன்னாடி இங்கதான் எடுத்தேன் மேடம். வீட்டுல சம்சாரம் படுத்த படுக்கை. நான் மெயின்லேண்ட் போயிட்டா யார் பார்ப்பா?"
"எந்த வருஷம்?"
"யாத் நஹி மேடம். ஞாபகமே இல்ல."
பழைய படம் கம்ப்யூட்டரில் இல்லை; அதுவோ பதிவு நம்பர் கேட்கிறது.

ஜூன் 11, புதன்
மத்தியானம் சாப்பிடும்போது உறைத்தது. மண்டு நான்! வெளித்தீவுக்காரர்களின் படங்களை அடுக்கியது வருஷப்படியா என்ன? வந்த கப்பலின் பெயர்ப்படி. தேதியை மறப்பார்கள், கப்பலை மறக்கமாட்டார்கள்.
மு. யோசிக்கவே இல்லை. "ஜல்ராணி. பூரா ராஸ்தா, வழியெல்லாம் வாந்தி."
அட்டெண்டர் பிஸ்வாஸ் தாதா, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி, என்னோடு இருட்டறையில் வருஷக்கணக்கில் படம் கழுவியவர், நேரே கீழ்த்தட்டுக்குக் குனிந்தார். "ஜல்ராணி இதர் ஹை, தீதி" என்று ஒரு கட்டைத் தொட்டுக் காட்டினார்.
உறையைக் கரையான் தின்றிருந்தது. படம் பிழைத்திருந்தது. ஜன்னலில் பிடித்தேன். அதே இடம், அதே மிளகளவு நிழல். அழுகை வந்துவிட்டது. தாதா பார்க்காத மாதிரி நின்றார்.
அதைப் போனில் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பியாயிற்று. லாரியை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லி ஆபீஸில் கேட்டேன். "ஆர்டர் ஆர்டர்தான் மேடம்."

ஜூன் 12, வியாழன்
வெயில். சென்னைப் பதில்: வர வேண்டாம், ஆறு மாதத்தில் இன்னொரு படம் போதும். மு. ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார். பழைய படத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.
பதினொரு மணிக்கு லாரி. நாலு நடை. அறை சுத்தம்.
மூன்றரைக்கு லாங் ஐலண்டிலிருந்து ஓர் அம்மா. இன்றைய படத்தில் அவருக்கும் நிழல். "முன்னாடியும் இங்க ஒரு படம் எடுத்தேன் மேடம்."
எந்தக் கப்பல் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.