பகல் மின்சாரமும் பொத்தையடித் தரிசும்

வயலுக்குப் போனால் வேலியோரம் நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கத் தோன்றும் என் அன்பான அப்பாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். ஆனாலும் நீங்கள் முதலில் வாழையைத்தான் விசாரிப்பீர்கள், எங்களை அப்புறம்தான் கேட்பீர்கள் என்று அம்மா சொல்கிறார். வாழை பாதி நலம். கிழக்கு வரிசையில் ஏத்தன் வாழை குலை தள்ளிவிட்டது. மேற்கு வரிசை இலை மஞ்சளித்து நிற்கிறது.

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். நம் ஊர் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவியில் இருந்து களக்காடு போகிற வழியில், ஆற்றுக் கால்வாய் எட்டாத மேட்டில் இருக்கிறது நம் வயல். கிணற்றையும் மோட்டாரையும் நம்பித்தான் அங்கே வாழை வைக்கிறோம். மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். நம் பக்கத்துக்கு அது பெரும்பாலும் இரவில்தான் வரும். இரவில் வந்ததால் நீங்கள் இரவில் போனீர்கள். வரப்பில் விரியன் பாம்பு கிடந்தது. போன ஆவணியில் நடந்தது இவ்வளவுதான். இதை விரிவாக எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். விரிக்க எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போன பிறகு ஊரில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் மோட்டார் ரூமில் ஆட்டோ பெட்டி மாட்டினார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானாகவே போட்டுவிடுகிற பெட்டி அது. அம்மாவும் வாங்கி மாட்டினார். இனி யாரும் இருட்டில் போக வேண்டாம் என்று நானும் நினைத்தேன்.

விளைவு என்ன தெரியுமா? மின்சாரம் வந்த அதே நொடியில் நம் வரிசைக் கிணறுகளில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்று எங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் கருகியது.

இரண்டாம் தடவை கம்பத்தில் ஏறி இறங்கிய ஒயர்மேன் அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஒரு வாசல்ல எல்லா மாப்பிள்ளையும் சேந்து நொழஞ்சா நெலப்படி தாங்குமா வே? ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். பிறகுதான் பெட்டியோடு வந்த தாளைப் படித்தேன். எவ்வளவு தாமதித்துக் கிளம்ப வேண்டும் என்று திருகி வைக்க அதில் ஒரு குமிழ் இருக்கிறது. ஊரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. தன் மோட்டார் பிந்திவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் பயம். கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைத்து, அவரவர் முறைக்குக் காத்திருந்து பாய்ச்சுகிற அதே ஆட்கள்தான், அப்பா. தண்ணீருக்குப் பொறுக்கிறவர்கள் மின்சாரத்துக்கு மட்டும் ஏன் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்?

இப்போது ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தாமதம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். டிரான்ஸ்பார்மர் பிழைத்துவிட்டது. ஆனால் பெட்டி மோட்டாரைத்தான் போடும், மடையைத் திருப்பாது. தண்ணீரைக் கிழக்கு வரிசையில் அடைத்து மேற்கு வரிசைக்குத் திருப்ப ஆள்தான் போக வேண்டும். மேற்கு வரிசை மஞ்சளித்த காரணம் அதுதான். அம்மா இருட்டில் போக நான் விடுவதில்லை. நான் தூங்கிய பிறகு அம்மா போகப் பார்ப்பதும், நான் விழித்துக்கொண்டு சண்டை போடுவதும் நடந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பள்ளியில் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். ஆற்றலிலும் காலநிலையிலும் நாளைக்கு எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தலைப்பு. பாளையங்கோட்டை நூலகம் வரை போய்ப் படித்துவிட்டு வந்து எழுதினேன். நிலக்கரியைக் குறைக்க வேண்டும். ஆடிக் காற்றில் மிஞ்சுகிற காற்றாலை மின்சாரத்தைச் சேமித்து வைக்க வழி வேண்டும். வெயில் மின்சாரம் பகலில் தாராளமாகக் கிடைப்பதால் விவசாய மோட்டார்களைப் பகலுக்கு மாற்ற வேண்டும். மூன்றாவதாக எழுதியதுதான் உங்களுக்காக எழுதியது. உங்கள் பெயரை எழுதவில்லை. கட்டுரைக்கு அது பொருந்தாது என்று தோன்றியது.

நான் மூன்றாவதாக எழுதியது நிஜமாகவே நம் ஊருக்கு வந்தது. ஊருக்குப் பக்கத்தில் வெயில் மின்சாரத் தகடுகள் வைத்து, அந்த மின்சாரத்தை நேராக மோட்டார்களுக்குப் பகலில் தருகிற திட்டம். அதற்கு ஊர்ப் பொது நிலம் வேண்டும். இடம் பார்க்க வந்த அதிகாரிகள் பொத்தையடித் தரிசைக் காட்டினார்கள்.

ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொத்தை என்றால் பாறைக் குன்று. அதன் அடியில் முள்ளும் புல்லும் கிடக்கிற தரிசில் இசக்கி மாமா ஆடு மேய்க்கிறார். வேறு சிலரும் மேய்க்கிறார்கள் என்றாலும் அதை மட்டும் நம்பிப் பிழைப்பவர் அவர் ஒருவர்தான். இசக்கி மாமா யார் என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு உங்களைத் தன் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, அம்மா பின்னால் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவர் அவர்.

ஆக, உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பகல் மின்சாரம் வர வேண்டும் என்றால், உங்களைக் காப்பாற்றப் பார்த்தவரின் மேய்ச்சல் நிலம் போக வேண்டும். நூலகத்தில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு கணக்கு இல்லை. நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கிராம சபைக்கு முந்தின நாள் மாலை இசக்கி மாமா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். அம்மா காப்பி கொடுத்ததை வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பருவம் தவறிக் கொட்டுகிற மழையில் ஆடுகளுக்குக் குளம்பு அழுகல் வருகிறது என்றார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு நீ கை தூக்கிரு. எனக்குன்னு ஒண்ணும் பாக்காண்டாம்."

"ஆட்ட மேய்க்க எங்கண்ணே பத்திட்டுப் போவீங்க?"

"களக்காட்டுப் பக்கம் மலையடிக்குப் போவணும். அங்கன புலிக்காடு. பாரஸ்ட்காரன் விடமாட்டான். பாப்பம்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, நீதான் புஸ்தவம் படிக்கியே, வெயில் திங்கிற ஆடு எங்கயும் இருக்கான்னு பாத்துச் சொல்லு."

நான் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு, நாளைக்கு அம்மா நிச்சயம் கை தூக்க வேண்டும் என்று சொன்னேன். மாமாவே சொல்லிவிட்டாரே என்றேன். அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

கிராம சபை பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் கூடியது. வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். ஊராட்சிச் செயலர் என்னைக் கூப்பிட்டுக் கட்டுரையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நிலக்கரி வரும் வரை கவனித்தார்கள், காற்றாலைக்கு வந்தபோது பேசத் தொடங்கிவிட்டார்கள், மோட்டார் என்ற சொல் வந்ததும் மறுபடி அமைதியானார்கள். பிறகு பொறியாளர் ஒருவர் திட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். மோட்டார் வைத்திருப்பவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி மாமா பின்னால், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்றார். அவருக்காக அவருடைய மனைவி பேசினார். தரிசு என்று எழுதியிருப்பவர்கள் ஒரு நாள் வந்து அங்கே என்ன முளைக்கிறது என்று பார்த்தார்களா என்று கேட்டார்.

அப்போது நம் வயலுக்கு அடுத்த வயல்காரர், பொன்னையாப் பெரியப்பா, எழுந்தார். உங்களுக்குத் தெரியும், அவர் மெதுவாகப் பேசினாலே ஊருக்குக் கேட்கும்.

"மனுசன் செத்துக்கிட்டு இருக்கான், இவுக ஆட்டுக்கு அழுவுதாக. இந்தப் பிள்ள அப்பன் வரப்புல கெடந்தத மறந்தாச்சா? அவன் சாவுக்காவது பதில் வேண்டாமா வே? ஆட்ட வித்துட்டு வேற சோலி பாக்கச் சொல்லும்."

கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உங்களை யாராவது நினைவில் வைத்துப் பேசினால் அந்த நேரத்தில் மற்றதெல்லாம் எனக்குச் சின்னதாகிவிடுகிறது.

அம்மா எழுந்தார். கிராம சபையில் அம்மா பேசி நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லி இன்னொருத்தர் வயித்துல கை வைக்காண்டாம், அத்தான்."

பொன்னையாப் பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். அம்மா பொறியாளரைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"எனக்குப் பகல் கரண்டு வேணும். இங்க இருக்க எல்லாரையும் விட எனக்கு வேணும். ஆனா ஆடு எங்க போவும்னு மொதல்ல எழுதுங்க. கரண்ட அதுக்கு அடுத்த வரியில எழுதுங்க."

அதன் பிறகு நடந்தது நீண்ட பேச்சு. சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடையை ஒட்டிய கீழ்ப்பாதியில் புல் அதிகம், ஆடுகள் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். மேல்பாதி பெரும்பாலும் பாறை. தகடுகளை மேல்பாதியில் மட்டும் வைத்தால் என்ன என்று செயலர் கேட்டார். வைக்கலாம், ஆனால் கிடைக்கிற மின்சாரம் எல்லா மோட்டார்களுக்கும் போதாது என்றார் பொறியாளர். முதலில் பொத்தைக்குப் பக்கத்தில் இருக்கிற கிணற்று வரிசைக்குக் கொடுக்கலாம், மற்ற வரிசைகளுக்கு அடுத்த கட்டம் வரும்போது பார்க்கலாம் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று நேராகச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

நம் கிணறு கடைசி வரிசையில் இருக்கிறது.

பொறியாளர் கையில் இருந்த வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா ஒங்க கிணத்துக்கு இப்போதைக்கு வராதும்மா" என்றார்.

"தெரியும். எழுதுங்க" என்றார் அம்மா.

பக்கத்து வரிசைக்காரர்கள் உடனே கை தூக்கினார்கள். அது ஆச்சரியமில்லை. பிறகு கடைசி வரிசைக் கிணற்றுக்காரர்களில் அம்மாவின் கை மட்டும் உயர்ந்தது. கொஞ்சம் கழித்து, எதையோ முணுமுணுத்துக்கொண்டே பொன்னையாப் பெரியப்பாவும் தூக்கினார். தீர்மானத்தில் முதல் வரி, ஓடையை ஒட்டிய கீழ்ப்பாதி மேய்ச்சலுக்கே இருக்கும், அங்கே போகிற பாதையை அடைக்கக் கூடாது என்பது. பகல் மின்சாரம் இரண்டாவது வரி.

எனக்குக் கோபம் வந்தது. வந்தது என்பதை ஒரு செய்தியாக மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு நடக்கும்போது, நமக்கு இல்லாமல் ஊருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறோமே என்று கேட்டேன். அம்மா நடந்துகொண்டே சொன்னார்.

"அன்னைக்கு இசக்கி அண்ணன் வண்டிய எடுக்கும்போது ஆட்ட யாரு பாப்பான்னு கேக்கலட்டி. பட்டி தொறந்து கெடந்துச்சு. நாலஞ்சு ஆடு போயே போச்சு. அத இன்னைக்கு வர அவரு நம்மகிட்ட சொல்லல. அவரு பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்."



போட்டிக்குக் கொடுப்பதற்கு முன் கட்டுரையைத் திருத்தி எழுதினேன். நிலக்கரி, காற்றாலை, சேமிப்பு எல்லாம் இருக்கின்றன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு பத்தி சேர்த்தேன். எந்தத் திட்டமும் வெறும் நிலத்தில் வருவதில்லை, வெறும் நிலம் என்று எழுதப்பட்ட இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார்க்க வேண்டும், அவர்களுக்கு என்ன என்பதை முதல் வரியில் எழுதாத திட்டம் இரண்டாவது வரியில் தருகிற நன்மையும் நிலைக்காது என்று எழுதினேன். வரிசையில் கடைசியில் இருப்பவர்களுக்கு எப்போது கிடைக்கும் என்று தேதி போட வேண்டும் என்றும் எழுதினேன். பரிசு கிடைக்கவில்லை. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆடு அதிகமாக வருகிறது என்றார் நடுவராக இருந்த ஆசிரியர்.

பொத்தையின் மேல்பாதியில் இப்போது தூண் நடுகிறார்கள். ஆடுகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கின்றன. பக்கத்து வரிசைக்காரர்கள் வரும் பருவத்தில் பகலில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு நான் எழுதுகிற மாதிரி ஒரு கடிதம் எழுத வேண்டி வராது. அதை நினைத்தால் நிறைவாக இருக்கிறது. முழு நிறைவு என்று சொல்ல முடியவில்லை.

நமக்கு இன்னும் இரவு முறைதான். மேற்கு வரிசையைக் காப்பாற்றியாக வேண்டும். அடுத்த கட்டத்துக்குத் தேதி கேட்டு நம் வரிசைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். எழுதுகிற வேலை என்னுடையது. ஒவ்வொரு கிராம சபையிலும் அதைப் படித்துக் கேட்பேன், பதில் வரும் வரை. அன்று காற்றாலைக்கு வந்தபோது பேசியது போல அவர்கள் பேசத் தொடங்கினாலும் நிறுத்த மாட்டேன்.

அதுவரைக்கும் அம்மாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி சேரன்மகாதேவியில் வாங்கிவிட்டோம். மடை திருப்பப் போகும்போது நான் விளக்கோடு முன்னால் நடப்பேன், அம்மா மண்வெட்டியோடு பின்னால் வருவார். படிப்பு கெடும் என்று அம்மா சொன்னார். கெடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நீங்கள் தனியாகப் போனீர்கள், அப்பா. இனி நம் வீட்டில் இருந்து யாரும் தனியாகப் போக மாட்டார்கள்.

அம்மாவுக்கு முன்னால் விளக்குப் பிடித்து நடக்கும்
உங்கள் மகள்,
முத்துலெட்சுமி