கிழித்த பக்கம்

பாலிகஞ்ச், கொல்கத்தா
4.8.2025

அன்புள்ள வதா,

நலம்தானே? நீ போன் எடுப்பதில்லை, மின்னஞ்சலையும் தடுத்துவிட்டாய். ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி இருப்பவளுக்குத் தபால் எழுதும்படி ஆகிவிட்டது. உன் அம்மா வார்க்கும் அடையை நினைத்தால் இன்னும் நாக்கில் நீர் ஊறுகிறது.

ஒரு சந்தேகம். நம் ஆய்வகத்தில் செய்த வைரஸ், ரத்தப் புற்றுநோய் செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே, நூறில் எண்பது செல்லில்? இப்போது கம்பெனியில் நோயாளிகளின் ரத்தத்தில் போட்டால் நூறில் இரண்டுகூடத் தேறவில்லை. துர்கா பூஜை முடிந்ததும் முதல் நோயாளிக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுக்கவேண்டும். கிடர்பூரில் லாரி ஓட்டுபவர், இரண்டு பெண் குழந்தைகள். அன்று நீ ஏதாவது கைப்பக்குவம் செய்திருந்தால் சொல்லேன். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் பழைய நண்பன்,
அஷ்வத்


டாக்குரியா
12.8.2025

மகாகனம் பொருந்திய டாக்டர் அஷ்வத் அவர்களுக்கு,

நலம். அம்மாவும் நலம். உன் பெயரைச் சொன்னால் அடைக்கல்லை இறக்கி வைத்துவிடுகிறாள்.

‘பழசு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்த மூன்று வாரம் நான் ஆய்வகத்துக்கு வரவில்லை. காரியம் முடிந்து வந்து பார்த்தால், என் ஐந்து வருஷ உழைப்பு உன் ஒருவன் பெயரில் பத்திரிகைக்குப் போயிருந்தது. என் நோட்டில் என் பெயர் இருந்த முதல் பக்கத்தைக் கிழித்துக் கூடையில் போட்டிருந்தாய். கூட்ட வந்த மாஷி, “உன் கையெழுத்து மாதிரி இருக்கு தீதி” என்று எடுத்துக் கொடுத்தாள்.

அதைத் திருப்பிப் பார்க்க உனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலைதான் சோதனை முடிவு வந்தது. ஓடுகிற அவசரத்தில் கைக்கு வந்த இடத்தில், அந்தப் பக்கத்தின் பின்னால் உனக்கு எழுதினேன்: ‘மூன்றாம் பெட்டிக் குப்பிகளைத் தொடாதே. அதில் இருப்பது நோயாளியின் செல் இல்லை. வேறு செல் கலந்து அதுவே நிரம்பிவிட்டது. எதைக் கொடுத்தாலும் விழுங்கும். எண்பதை நம்பாதே.’

என் பெயரைக் கிழித்தாய், எச்சரிக்கையும் அதோடு போயிற்று. கைப்பக்குவம் ஒன்றும் இல்லை.

பிரியம்வதா


பாலிகஞ்ச்
29.8.2025

வதா,

குப்பிகளை வெளியே கொடுத்துச் சோதித்தேன். நீ சொன்னதே சரி. தப்பு என்னுடையது, காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

ஆனால் இப்போது சொன்னால் என் வேலை, பெயர் எல்லாம் போய்விடும். முதல் நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, பலன் இல்லை என்று மெதுவாக நிறுத்திக்கொள்கிறேன். சிகிச்சை பலிக்காவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. அடுத்த கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

இன்னொன்று, கோபிக்காதே. நாலு வருஷம் தெரிந்தும் நீ ஏன் வாய் திறக்கவில்லை? நான் விழுந்தால் அந்தக் கேள்வி உன்னிடமும் வரும்.

அஷ்வத்


டாக்குரியா
16.9.2025

அஷ்வத்,

பக்கம் கிழிப்பது உனக்குக் கை பழகிய வேலை. எனக்கு வராது. அதன் இரண்டு புறமும், உன் கடிதங்களோடு, போன வாரமே பத்திரிகைக்கும் கம்பெனியின் நெறிமுறைக் குழுவுக்கும் போய்விட்டன.

ஏன் வாய் திறக்கவில்லை? நீ இன்னும் மேலே ஏறட்டும் என்றுதான். தாழ்ந்த கிளையிலிருந்து விழுந்தால் சிராய்ப்போடு போய்விடும். நீ வாங்கிய ஒவ்வொரு பரிசுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன், நினைவிருக்கிறதா? தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு அந்த வேலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

லாரிக்காரர் நடுவில் வருவார் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. உன் பலிக்காத சிகிச்சைக்கு இடம் செய்ய, அவர் உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பை முதலில் மருந்து கொடுத்து அழிப்பீர்கள். அது உனக்கும் தெரியும். அவருக்கு வேறு வைத்தியம் பார்க்கக் குழு சொல்லிவிட்டது. பூஜைக்குப் பெண்களோடு பந்தல் பார்க்கப் போவார்.

நேற்று பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் இரண்டு பேரையும் குறிப்பிடுவார்களாம். செய்தவன் நீ, தெரிந்தும் மறைத்தவள் நான். என் வேலையும் போய்விடும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்று நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். நம் இருவர் பெயரும் ஒரே தாளில் அச்சாகவேண்டும். என் பெயரைச் சுருக்காமல் முழுதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிரியம்வதா வைத்தீஸ்வரன்