வடக்குச் சுவரோரப் பெஞ்சு

அமிஸின் அம்மாவுக்கு,

மழை விட்டு மூன்று நாளாகிறது. கோழிகள் நன்றாக இருக்கின்றன.

நம் கோயிலை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. கோயிலில் படங்களே இருக்கக் கூடாது என்ற அரசர் ஆணைப்படி சுவரோவியங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பீடத்துக்கு முன்னால் இருந்த மரத்தடுப்பின் படப்பலகைகளை உடைக்கும் வேலை, ஊர்த் தச்சன் என்பதால் என் தலையில் விழுந்தது. காய்ச்சலில் போன நம் பெண் அமிஸின் முகத்தை வைத்து ஓவியன் சிறகோடு வரைந்த சம்மனசும் அதில்தான் இருந்தாள். நான் கோடரியோடு நின்றதை வாசலிலிருந்து பார்த்தாய். அன்றே உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். வேலையை மேற்பார்க்க வந்த அரசரின் அதிகாரி பக்கத்தில் நின்றதால் உன்னைக் கூப்பிட முடியவில்லை.

"என்னய்யா, இன்னும் ஒண்ணுகூட உடையலையா?" என்று சிரித்தார் அவர்.

"கோடரி மழுங்கிப்போச்சுங்க. நீங்க சாப்பிட்டு வாங்க, அதுக்குள்ள முடிச்சிடறேன்."

அவர் போனதும் மற்ற பலகைகளை உடைத்தேன். அவளை உடைக்கவில்லை. படம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி, வடக்குச் சுவரோரப் பெஞ்சுக்குப் பின்பலகையாக அடித்துவிட்டேன். அதிகாரி திரும்பி வந்து அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து, "கெட்டியாத்தான் அடிச்சிருக்கீரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நான் மட்டும்தான் உட்காருகிறேன். படங்களை உடைத்தவன் பக்கத்தில் யாரும் வருவதில்லை. உண்மையைச் சொன்னால் பலகையும் போகும், நானும் போவேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறேன். என் முரட்டுக் கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. உன் கை மெல்லியது. அவள் கன்னம் வரை எட்டும்.

உன் வீட்டுக்காரன்