வட்டம் போட்ட ஐந்து இடங்கள்

சேசு மரி சூசை துணை

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
14 ஏப்ரல் 1936, செவ்வாய்க்கிழமை

ஊட்டியில் இருக்கும் என் பேரன் ஆம்ப்ரோஸுக்குப் பாட்டி பெர்னதெத் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை அல்போன்சா பரீட்சையில் வகுப்புக்கே முதலாவதாக வந்து, கான்வென்ட் மதர் கையால் வெள்ளி மெடல் வாங்கினாள். உன் தம்பி கிளாரன்ஸுக்கு ரயில்வேயில் வேலை ஆகிவிட்டது. காக்கிச் சட்டையோடு அவன் தெருவில் நடந்தால் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று. சின்னவள் பிரிஜெட் ஈஸ்டர் பாஸ்குத் திருநாள் பூசையில் தனியாகப் பாடினாள். பீடத்தைப் பார்த்து நின்ற சாமியாரே திரும்பிப் பார்த்தார். இவர்களுக்கெல்லாம் மேலே நீ. நம் குடும்பத்தில் முதல் வாத்தியார். கூட வேலை செய்கிற நான்கு வாத்தியார்களை நீ முன்னால் நடந்து காட்டுக்குள் கூட்டிப்போகிறாய் என்று கோவில் வாசலில் நான் சொல்லாத ஆள் இல்லை.

அந்தப் பெருமைதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது, கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை திருநாளுக்கு நாணு வீட்டுக்கு வந்தான். உன் தாத்தா துரையிடம் பட்லராக இருந்தபோது முகாம் சாமான் சுமந்தவன். அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை விடியற்காலை ஊட்டியை விட்டுப் புறப்படுவது, வடக்குச் சரிவில் இறங்கிக் காட்டு வழியாக நடப்பது, மூன்றாம் நாள் திரும்ப ஏறுவது. தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தில் தண்ணீர் என்று வட்டம் போட்ட ஐந்து இடங்கள் இருப்பதால் ஆளுக்கு ஒரு பாட்டில் போதும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடம் வந்ததும் நாணு டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "ஏது தண்ணி, பட்லரம்மா? துரை நடக்கிறதுக்கு மொதநாளே நாங்க எட்டுப் பேர் தோள்ல சுமந்துகிட்டுப் போய் வெச்ச பானைத் தண்ணி அது. இந்த வெயில்ல அந்தச் சரிவுல மான்கூட நிக்காது" என்றான்.

அவன் சொல்வது நிஜம். துரை எங்கே களைத்து உட்காருவாரோ அங்கே முன்கூட்டியே பானை வைப்பது பட்லர் வேலை. அடுத்த வருஷம் ஆட்களை அனுப்ப மறக்கக்கூடாது என்று குறித்து வைத்த இடங்கள் அவை. பானை இல்லாவிட்டால் அங்கே வெறும் பாறைதான். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு மூன்று நாள் ஐந்து பேர் என்ன செய்வீர்கள்?

நேற்றுக் காலை "புறப்படாதே" என்று தந்தி அடித்தேன். காரணத்தையும் போடலாம் என்றான் கிளாரன்ஸ். உன் பள்ளிக்கூடத்தில் யாராவது படித்துவிடுவார்கள் என்று நான்தான் தடுத்தேன். "போன வருஷம் அவனுக்குச் சளின்னு கேட்டதுக்கே புறப்பட்டு வான்னு தந்தி அடிச்சீங்க பாட்டி, இதை மட்டும் நம்புவானா?" என்று அவன் சிரித்தான். அவன் சொன்னபடியே ஆயிற்று. இன்று காலை உன் பதில் தந்தி வந்தது: "பயப்பட வேண்டாம். தாத்தா புத்தகம் இருக்கிறது."

இப்போது தண்ணீர் இல்லை என்று இன்னொரு தந்தியும் போகிறது. ஆனாலும் நீ தாத்தா புத்தகத்தைத்தான் நம்புவாய். அப்படி நம்ப வைத்தவள் நான். ஆகவே சொல்லியே தீர வேண்டியதைச் சொல்கிறேன். ஆம்ப்ரோஸ், உன் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முகாம் முடிந்து வந்ததும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். காட்டை நான் கண்ணால் கண்டதில்லை. தண்ணீர் என்றார், தண்ணீர் என்று எழுதி வட்டம் போட்டேன். யார் வைத்தது என்று எழுதத் தோன்றவில்லை.

போன ஜூனில் நீ ஊட்டிக்குக் கிளம்பியபோது, இது தாத்தா கையெழுத்து என்று சொல்லி அதை உன்னிடம் கொடுத்தேன். வாத்தியாராகப் போகிற பிள்ளைக்குத் தாத்தா கைநாட்டு என்று தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லக் கிளாரன்ஸ் எழுதியது. இது ஒன்றுதான் என் கையால் எழுதுகிறேன். புத்தகத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் சாய்ந்த எழுத்து இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அப்புறம் உனக்குச் சந்தேகம் வராது.

தாத்தா மேல் கோபம் வேண்டாம். அவர் காட்டில் ஒருவரையும் தாகத்தில் விட்டதில்லை. மற்ற வாத்தியார்களிடம் என்ன சொல்வது என்று கூச்சப்படாதே. பாட்டி தப்பாக எழுதிவிட்டாள் என்று என் பேரையே சொல். சிரித்தால் சிரிக்கட்டும்.

நடக்கத்தான் வேண்டும் என்றால் ஊட்டியில் இருந்தபடியே காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மலைகளுக்குப் போங்கள். சரிவுக்குத்தான் இறங்க வேண்டும் என்றால் மழை பெய்யட்டும், அந்த ஊர் ஆட்களைக் கேட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

மத்தியானத் தபாலில் சேர்த்தால் வியாழன் சாயங்காலமோ வெள்ளிக்கிழமையோ உனக்குக் கிடைக்கும் என்கிறான் கிளாரன்ஸ். வெள்ளிக்கிழமை என்றால் நீ புறப்பட ஒரு ராத்திரிதான் மிச்சம். தேவமாதா இந்தக் காகிதத்தை உன் கையில் சேர்க்கட்டும். உன் கால்களைக் காக்கட்டும். உன் கூட வருகிற நான்கு பேரும் வேறு தாய்மார் பெற்ற பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐந்து பேரும் ஸ்டூடியோவுக்குப் போய் ஒன்றாக நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. பழையது எதுவும் வேண்டாம். பின்பக்கம் தேதியை நீயே எழுது.

பெர்னதெத்